தரிசு போட்ட நிலம் பறந்த கதை: கனடா சமவெளியில் மண்ணைக் காத்தவர்கள்

1886ஆம் ஆண்டு கோடையில் கனடாவின் மேற்குச் சமவெளியில் மழை பொய்த்தது. இன்றைய சஸ்காட்சுவான் மாகாணத்தில், ரெஜைனா நகரத்துக்குக் கிழக்கே 70 கிலோமீட்டர் தள்ளி இந்தியன் ஹெட் என்று ஒரு சிற்றூர். அங்கே குடியேறிய விவசாயிகளுக்கு அந்த மண் இன்னும் பழகவே இல்லை. நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. ஊரைச் சுற்றி விதைத்த கோதுமையெல்லாம் கருகிப்போனது. ஆனால் சில வயல்களில் மட்டும் பயிர் நின்றது, கதிரும் பிடித்தது. அதே மண், அதே விதை, அதே வெயில்.

என்ன வித்தியாசம் என்றால், அந்த வயல்களில் முந்தைய வருஷம் எதுவுமே விதைக்கவில்லை. 1885இல் லூயி ரியல் தலைமையில், பூர்வகுடிகளுக்கும் ஐரோப்பியர்களுக்கும் பிறந்த கலப்பு வம்சாவளியினரான மெத்தீ மக்கள் அரசுக்கு எதிராக எழுந்தார்கள். ரயில் பாதை முழுதாக முடியாத காலம். அரசுப் படைக்குச் சாமான் கொண்டுபோகக் குதிரையும் வண்டியும் தேவைப்பட்டன. நாள் வாடகை நல்ல பணம் என்பதால் இந்தியன் ஹெட் பக்கத்து விவசாயிகளும், அங்கிருந்த மேஜர் பெல்லின் மிகப் பெரிய கம்பெனிப் பண்ணையும் குதிரைகளை அனுப்பிவிட்டார்கள். விதைப்புப் பருவம் கைதவறிப் போனது. கோடையில் உழுது களையை அழித்ததோடு நிலத்தை அப்படியே விட்டார்கள். அந்த ஒரு வருஷத்து மழையில் கொஞ்சம் மண்ணுக்குள் தங்கிவிட்டது. அடுத்த வருஷம் வானம் கைவிட்டபோது அந்தச் சேமிப்புதான் பயிரைக் காப்பாற்றியது.

இதைக் கவனித்தவர்களில் ஒருவர் ஆங்கஸ் மெக்கே. ஒன்டாரியோவிலிருந்து 1882இல் வந்து இந்தியன் ஹெட்டில் நிலம் எடுத்த விவசாயி. தற்செயலாக நடந்ததை அவர் ஒரு முறையாக ஆக்கினார். அந்த முறை சமவெளியில் ஊர்களை நிலைநிறுத்தியது. ஐம்பது வருஷம் கழித்து அதே முறைதான் அந்த ஊர்களை மண்ணுக்குள் புதைக்கவும் பார்த்தது. அதற்கப்புறம் அதைத் திருத்தினவர்கள் வந்தார்கள். அவர்களிலும் முக்கியமான ஒருவர் இதே இந்தியன் ஹெட்காரர். இந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தச் சமவெளியின் விவசாய வரலாறே கூடவே வருகிறது.

புல் இருந்தவரை

மனிடோபா, சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களின் தெற்குப் பகுதி ஒரு காலத்தில் முழுக்கப் புல்வெளி. ஆண்டு மழையும் பனியும் சேர்த்து 350 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பல இடங்களில் கிடைக்கும். காற்றுக்குத் தடையாக மரமோ மலையோ இல்லை. ஆனாலும் மண் பறக்கவில்லை. மேலே தெரியும் புல்லைவிட அடியில் ஓடும் வேர் பல மடங்கு அடர்த்தியானது. அது மண்ணைப் பின்னிப் பிடித்து வைத்திருந்தது. அந்தப் புல்லைக் காட்டெருமைகள் மேய்ந்தன, அந்த எருமைகளை நம்பிக் கிரீ, பிளாக்ஃபூட் முதலான மக்கள் வாழ்ந்தார்கள். 1870களின் முடிவுக்குள் எருமைகள் ஏறக்குறைய அழிந்தன. 1874இல் கப்பெல் பள்ளத்தாக்கில் நான்காம் ஒப்பந்தம் கையெழுத்தானது. பூர்வகுடி மக்கள் ஒதுக்கு நிலங்களுக்குள் தள்ளப்பட்டார்கள். குடியேறிகளுக்குக் கிடைத்த நிலம் ஆளில்லாமல் கிடந்த நிலம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

1857 முதல் 1860 வரை இந்தப் பகுதியை அளந்து பார்த்த ஜான் பாலிசர், தெற்கே ஒரு பெரிய முக்கோணப் பரப்பு விவசாயத்துக்கு ஆகாது என்று எழுதி வைத்தார். இருபது வருஷம் கழித்துத் தாவரவியலாளர் ஜான் மக்கூன் வந்தார். அவர் வந்த வருஷங்களில் நல்ல மழை. எங்கே பார்த்தாலும் பச்சை. விவசாயத்துக்கு ஏற்ற நிலம் என்று அவர் எழுதினார். இருவரும் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். அரசுக்கும் ரயில் கம்பெனிக்கும் மக்கூன் சொன்னது வசதியாக இருந்தது. 1872இல் வந்த நிலச் சட்டப்படி 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர். மூன்று வருஷம் குடியிருந்து திருத்தினால் சொந்தம். இங்கிலாந்து, உக்ரைன், அமெரிக்கா, நார்வே என்று எல்லாத் திக்கிலிருந்தும் ஆட்கள் வந்து புல்லைப் புரட்டினார்கள்.

மெக்கேயின் முறை

1886இல் கனடா அரசு சோதனைப் பண்ணைகளுக்கான சட்டம் கொண்டுவந்தது. முதல் ஐந்து பண்ணைகளில் ஒன்று இந்தியன் ஹெட்டுக்கு ஒதுக்கப்பட்டது. அதன் முதல் கண்காணிப்பாளர் ஆங்கஸ் மெக்கே. அவர் சொன்னது எளிமையானது. நிலத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வருஷமும் ஒரு பங்கை விதைக்காமல் விடுங்கள். ஆனால் சும்மா விடாதீர்கள். கோடை முழுக்க உழுது களை ஒன்றுகூட இல்லாமல் வைத்திருங்கள். களைதான் தண்ணீரைக் குடிக்கிறது.

இதைக் கோடைத் தரிசு என்று சொல்லலாம். நாம் சொல்லும் கோடை உழவு வேறு. நமக்கு அது இரண்டு பருவங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் செய்யும் வேலை. அங்கே வருஷத்துக்கு ஒரே ஒரு பருவம்தான், அதையே முழுதாக விட்டுக்கொடுக்க வேண்டும். 160 ஏக்கர் வைத்துக்கொண்டு கடனில் குதிரை வாங்கியவனிடம் போய் ஐம்பது ஏக்கரைச் சும்மா விடு என்று சொல்வது லேசான காரியம் இல்லை. மெக்கே சொற்பொழிவாற்றி நம்ப வைக்கவில்லை. பண்ணையில் தரிசு போட்ட துண்டையும் போடாத துண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வறண்ட வருஷங்கள் மிச்சத்தைச் சொல்லிவிட்டன.

மெக்கேயின் பண்ணைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. சமவெளியில் கோடை குறுகியது. செப்டம்பர் உறைபனி வந்தால் முற்றாத கோதுமை வீண். ரெட் ஃபைஃப் என்ற ரகம் மாவுக்கு அருமையானது, ஆனால் தாமதமாக முற்றும். அதையும், சீக்கிரம் முற்றக்கூடிய ஹார்டு ரெட் கல்கத்தா என்ற இந்தியக் கோதுமையையும் 1892இல் கலந்தார்கள். அந்தக் கலப்பின் சந்ததியிலிருந்து ஒட்டாவாவில் ஒவ்வொரு செடியாகப் பொறுக்கி எடுத்தவர் சார்லஸ் சாண்டர்ஸ். மாவரைத்துப் பார்க்கும் அளவுக்கு மணி இல்லாதபோது அவர் சில மணிகளை வாயில் போட்டு மெல்லுவார்; பிசின் மாதிரி இழுபடுகிறதா என்று பார்ப்பார். ரொட்டி உப்பி எழும்புமா என்பதை அந்த இழுவை சொல்லிவிடும். அப்படித் தேறியதுதான் மார்க்விஸ். 1907இல் அது இந்தியன் ஹெட்டில் விதைக்கப்பட்டது. ரெட் ஃபைஃபைவிட ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாகவே முற்றியது. 1920 வாக்கில் சமவெளிக் கோதுமையில் பத்தில் ஒன்பது பங்கு மார்க்விஸ்தான். கல்கத்தா துறைமுகத்தின் பெயரைச் சுமந்து போன ஒரு கோதுமையின் ரத்தம் அந்த நாட்டு ரொட்டியில் கலந்துவிட்டது என்று நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

கைமுதலை எடுத்துச் செலவழித்த கணக்கு

சரி, கோடைத் தரிசு வேலை செய்தது. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஏன் வேலை செய்தது என்பதில் ஒரு பாதியைத்தான் எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

தரிசு போட்ட காலத்தில் விழும் மழையிலும் பனியிலும் நாலில் ஒரு பங்கு மண்ணில் தங்கினாலே அதிகம். மிச்சம் ஆவியாகப் போய்விடும். அந்த நாலில் ஒரு பங்குக்கே பயிர் பிழைத்தது. பயிர் செழித்ததற்கு இன்னொரு காரணம் இருந்தது. உழுது திறந்துபோட்ட ஈர மண்ணில், ஆயிரக்கணக்கான வருஷமாகப் புல்வேர் சேர்த்து வைத்த மட்கு வேகமாகச் சிதையும். சிதையும்போது தழைச்சத்து வெளிவரும். உரம் போடாமலே அடுத்த வருஷக் கோதுமை கரும்பச்சையாக நின்றதற்குக் காரணம் இதுதான். விவசாயி வட்டியைச் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் முதல் கரைந்துகொண்டிருந்தது.

மட்கு குறையக் குறைய மண் கட்டி சேராது, பொடியாகும். அதோடு அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவைச் சேர்ந்த ஹார்டி கேம்ப்பெல் பரப்பிய ஒரு யோசனையும் சேர்ந்துகொண்டது: மேல் மண்ணை நன்றாகப் பொடித்து ஒரு புழுதிப் போர்வையாக வைத்தால் கீழே இருக்கும் ஈரம் ஏறி வந்து ஆவியாகாது என்றார். கேட்க நியாயமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் படித்தவர்களே நம்பினார்கள். மரமில்லாத, மணிக்கணக்கில் காற்று ஓயாத ஊரில் ஆயிரக்கணக்கான ஏக்கரைப் புழுதியாக்கி வைப்பது என்றால் என்ன ஆகும்?

இதில் மானப் பிரச்சினையும் உண்டு. ஒரு களையும், அறுவடைக்குப் பின் மிஞ்சும் பயிர்த் தாள் ஒன்றும் இல்லாமல் கன்னங்கரேலென்று கிடக்கும் தரிசு நிலம்தான் நல்ல விவசாயியின் அடையாளம் என்று ஊர் பழகிவிட்டது. அறுத்த தாள் மேலே கிடந்தால் சோம்பேறி என்று பேசுவார்கள். என் கணிப்பில், பின்னால் வந்தவர்கள் எதிர்த்து நிற்க வேண்டியிருந்த மிகப் பெரிய தடை இந்தக் கண்தான்.

மோனார்க்கின் பட்டைகள்

முதலில் அடிவாங்கியது தெற்கு ஆல்பர்ட்டா. ராக்கி மலையிலிருந்து இறங்கும் சினூக் என்ற வெப்பக் காற்று குளிர்காலத்திலேயே பனியை உருக்கிவிட்டு, திறந்து கிடக்கும் மண்மேல் ஓடும். முதல் உலகப் போர் முடியும் சமயத்திலேயே லெத்பிரிட்ஜ் நகரத்தைச் சுற்றி மண் பறக்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் மோனார்க் என்ற ஊரில் நெதர்லாந்திலிருந்து குடியேறிய கோலே சகோதரர்கள் ஒன்றைக் கவனித்தார்கள்: தரிசு நிலத்தில் தாளை ஒட்டிய ஓரம் பறப்பதில்லை, காற்று போகப்போகத்தான் வேகமெடுத்து மண்ணை அள்ளுகிறது. அப்படியானால் காற்றுக்கு ஓட இடமே கொடுக்கக் கூடாது. 1917, 1918 வாக்கில் அவர்கள் வயலை வடக்குத் தெற்காக நீளமான பட்டைகளாக வெட்டினார்கள். ஒரு பட்டை பயிர், அடுத்தது தரிசு, அப்புறம் மறுபடி பயிர். மேற்கிலிருந்து வரும் காற்று ஒரு தரிசுப் பட்டையைக் கடப்பதற்குள் தாளில் முட்டி வேகம் இழக்கும்.

எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், வெறும் கோடு போடுகிற வேலை. இன்று விமானத்திலிருந்து லெத்பிரிட்ஜைப் பார்த்தால் தெரிகிற கோடு போட்ட நிலத்தின் தொடக்கம் இதுதான். இதற்கும் ஒரு விலை இருந்தது. கோதுமைத் தண்டுக்குள் புகுந்து தின்று, அறுவடைக்கு முன்னே அடியில் அறுத்துப் போடும் ஒரு ரம்பக் குளவி அங்கே உண்டு. அது பழைய தாளிலிருந்து கிளம்பி வயலின் ஓரத்தைத்தான் முதலில் தாக்கும். பட்டை போட்ட வயல் முழுக்கவே ஓரம்! உள்ளே பொந்தில்லாத கெட்டித் தண்டுடைய ரெஸ்க்யூ என்ற கோதுமை 1946இல் வெளிவந்த பிறகுதான் அதற்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்தது.

நோபிள்

மோனார்க்குக்குப் பக்கத்து ஊர் நோபிள்ஃபோர்டு. ஒரு விவசாயியின் பெயரால் அமைந்த ஊர். சார்லஸ் நோபிள் 1873இல் அமெரிக்காவின் அயோவாவில் பிறந்து, வடக்கு டகோட்டாவில் விவசாயம் செய்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பர்ட்டாவுக்கு வந்தார். எதையும் பெரிதாகச் செய்கிற ஆள். பத்துப் பதினைந்து வருஷத்தில் 30,000 ஏக்கர் அளவுக்கு வளர்ந்துவிட்டார். 1916இல் ஆயிரம் ஏக்கர் கோதுமையில் 54,000 புஷலுக்கு மேல் எடுத்தார். அந்த அளவு பரப்பில் அது உலக சாதனை. புஷல் என்றால் கோதுமையில் சுமார் 27 கிலோ.

அப்புறம் போர் முடிந்தது, விலை விழுந்தது, மழையும் போனது. 1920களின் தொடக்கத்தில் கடன்காரர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஐம்பது வயதை நெருங்கும்போது மனிதர் வெறுங்கையோடு நின்றார். ஊரைவிட்டுப் போகவில்லை. அதே ஊரில் மறுபடி நிலம் சேர்த்து விவசாயத்தைத் தொடர்ந்தார். தன் பெயரில் இருக்கும் ஊரில் தோற்றவனாக நடமாடுவது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் பின்னால் வந்த கருவியும் இல்லை.

முப்பதுகள்

1930களில் விலையும் வானமும் சேர்ந்தே கைவிட்டன. 1932 கடைசியில் வின்னிபெக் சந்தையில் கோதுமை விலை புஷலுக்கு 40 சென்ட்டுக்கும் கீழே போனது. 1937இல் சஸ்காட்சுவானில் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 3 புஷலைக்கூடத் தொடவில்லை. அந்த ஜூலையில் யெல்லோ கிராஸ் என்ற ஊரில் வெப்பம் 45 டிகிரி செல்சியஸ். 2021 வரை கனடாவில் பதிவான உச்சம் அதுவே.

புள்ளிவிவரத்தைவிட வேலிகள் நன்றாகச் சொல்லும். வறட்சியில் வேறெதுவும் முளைக்காத நிலத்தில் ரஷ்ய முள்செடி முளைத்தது. காய்ந்ததும் அடியில் ஒடிந்து பந்தாக உருளும். உருண்டு வந்து கம்பி வேலியில் சிக்கும். சிக்கிய முள்பந்துகளில் பறந்து வரும் மண் தங்கும். கொஞ்ச நாளில் வேலி இருந்த இடத்தில் ஒரு மண்மேடு, மேலே கம்பத்தின் நுனி மட்டும் தெரியும். மாடு அதில் நடந்தே வேலியைத் தாண்டும். அதனால் அந்த மேட்டின்மேல் இரண்டாவது வேலி போட்டவர்கள் உண்டு. வீட்டுக்குள்ளே ஜன்னல் இடுக்குகளில் ஈரத் துணியைத் திணிப்பார்கள். சாப்பாட்டு மேசையில் தட்டுகளைக் கவிழ்த்து வைப்பார்கள்; பரிமாறும்போதுதான் நிமிர்த்துவார்கள். பெட்ரோல் போட வழியில்லாத கார்களின் இயந்திரத்தைக் கழற்றிவிட்டுக் குதிரையைப் பூட்டினார்கள். அன்றைய பிரதமர் பென்னட்டின் பெயரை அந்த வண்டிக்கு வைத்தார்கள். முள்செடியையே பச்சையாக அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள்.

அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் சமவெளியைவிட்டுப் போனார்கள்.

போகாமல் இருந்தவர்களைப் பற்றியும் பேச வேண்டும். அவர்கள் தாக்குப்பிடித்ததற்குப் பின்னால் வயலெட் மெக்நாட்டன் மாதிரி ஆட்களின் முந்தைய இருபது வருஷ உழைப்பு இருந்தது. 1909இல் இங்கிலாந்திலிருந்து வந்து விவசாயி ஒருவரைக் கல்யாணம் செய்தவர். ஒரு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இனிக் குழந்தை இல்லை என்றானது. மருத்துவர் எட்டாத தூரத்தில் பெண்கள் பிரசவத்தில் சாகும் நாட்டில் அவர் தானிய விவசாயிகள் சங்கத்தின் பெண்கள் பிரிவைக் கட்டினார். ஒவ்வொரு பண்ணைக்கும் எட்டும் தூரத்தில் மருத்துவ உதவி என்பது அவருடைய கோரிக்கை. பல கிராமங்கள் சேர்ந்து ஒரு மருத்துவமனை நடத்த வழிசெய்யும் சட்டம் 1916இல் சஸ்காட்சுவானில் வந்தது. பெண்களுக்கு வாக்குரிமையும் அதே வருஷம் வந்தது. 1925 முதல் கால் நூற்றாண்டு ஒரு விவசாய வாரப் பத்திரிகையில் பெண்கள் பக்கத்தை நடத்தினார். பத்து மைல் தள்ளி இருக்கும் அண்டை வீட்டைப் பார்க்கவே முடியாத ஒருத்திக்கு அந்தப் பக்கம்தான் திண்ணை.

மண்ணுக்கு அடியில் ஓடிய கத்தி

நோபிள் 1930களின் நடுவில் கலிபோர்னியாவுக்குப் போயிருந்தார். அங்கே ஒருவர் கிழங்கு பிடுங்க வசதியாக மண்ணுக்கு அடியில் ஒரு நேரான கத்தியை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தார். மண் இளகியது, ஆனால் புரளவில்லை. மேலே இருந்தது மேலேயே இருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் கிழங்குக் கருவி என்று போயிருப்பார்கள். இருபது வருஷமாக மண் பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வேறொன்று தெரிந்தது. அங்கேயே ஒரு மாதிரியைச் செய்து பார்த்துவிட்டு ஊருக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் கருவி வேலை செய்யும்போது தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். டிராக்டர் ஓடுகிறது, பின்னால் கனமான சட்டம், அதிலிருந்து இறங்கும் இரும்புக் கால். காலின் நுனியில் பல அடி அகலமான எஃகுக் கத்தி. அது ஒரு சாணுக்கும் குறைவான ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கத்தி கடக்கும் இடத்தில் நிலம் லேசாகத் தூக்கி மூச்சுவிட்ட மாதிரி எழுந்து அமர்கிறது. போன வருஷத்துக் கோதுமைத் தாள் ஆடிவிட்டு அப்படியே நிற்கிறது. அடியில் களையின் வேர் அறுந்துவிட்டது. ஒரு மணி நேர வெயிலில் களை வாடத் தொடங்கும், தாள் மட்டும் நிற்கும். அன்று பரவலாக இருந்த வட்டக் கலப்பை ஒரு தடவை ஓடினால் தாளில் பாதியைப் புதைத்துவிடும். நோபிளின் கத்தி பத்தில் ஒரு பங்கைத்தான் புதைத்தது. தரிசு என்ற முறை அப்படியே இருந்தது, ஆனால் நிலம் அம்மணமாக இல்லை. அந்த வித்தியாசம் காற்றுக்குப் போதும்.

லெத்பிரிட்ஜ் சோதனை நிலையத்தில் இருந்த அசேல் பால்மர் இதே எண்ணத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்: தாளைப் புதைக்காதே, எரிக்காதே, மேலேயே விடு. குப்பை விவசாயம் என்றே அதற்குப் பெயர் விழுந்தது. விஞ்ஞானி சொல்லை நிறைவேற்ற ஒரு கருவி வேண்டும், கருவிக்காரனுக்குத் தான் சரியான வழியில்தான் போகிறோம் என்று சொல்ல ஒருவர் வேண்டும். முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டும் அமைந்தது அந்த ஊர்களின் அதிர்ஷ்டம். நோபிள் கருவியை ஊரிலேயே தயாரித்து விற்றார். எல்லை தாண்டி அமெரிக்கச் சமவெளிக்கும் அது போனது. 1943இல் அவருக்கு பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது கிடைத்தது. 1957இல் இறந்தார்.

அரசும் கைகொடுத்தது. 1935 ஏப்ரலில் சமவெளிப் பண்ணை மறுவாழ்வுச் சட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு குட்டை வெட்ட உதவினார்கள். பட்டை முறையையும் தாள் மூடாக்கையும் பரப்பினார்கள். கைவிடப்பட்ட நிலத்தைச் சேர்த்துப் பொது மேய்ச்சல் நிலமாக்கினார்கள். சஸ்காட்சுவானில் மட்டும் 60க்கு மேல். அங்கே விதைத்த சைபீரியப் புல்லை அந்த மண்ணுக்கு ஏற்றபடி தேர்ந்தெடுத்துத் தந்தவர் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கெர்க். இந்தியன் ஹெட் நாற்றங்கால் காற்றுத்தடுப்புக்காக விவசாயிகளுக்கு மரக்கன்று கொடுத்துக்கொண்டே இருந்தது. 2013 வரை 60 கோடிக்கு மேல். மரமே இல்லாத சமவெளியில் இன்று ஒரு பழைய பண்ணை வீட்டைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுவது அதைச் சுற்றி நிற்கும் மரவரிசைதான்.

தரிசையே விட்டவர்கள்

இத்தோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் எழுதுவார்கள். முடியவில்லை. மழை திரும்பியது, புழுதி அடங்கியது, ஆனால் தரிசு போடுவது நிற்கவில்லை. 1970களில்கூடக் கனடாவில் ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் வருஷா வருஷம் விதைக்காமல் கிடந்தது. மட்கு கரைந்துகொண்டே இருந்தது. அதோடு புதிதாக ஒன்று: பயிர் குடிக்காத ஈரம் வேருக்குக் கீழே இறங்கி, உப்பைக் கரைத்துக்கொண்டு போய்த் தாழ்வான இடத்தில் வெள்ளையாகப் பூத்தது. 1984இல் செனட்டர் ஹெர்பர்ட் ஸ்பாரோ தலைமையிலான குழு, கனடாவின் மண் ஆபத்தில் இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது.

இந்தச் சமயத்தில் இந்தியன் ஹெட் பக்கத்தில் ஜிம் ஹால்ஃபோர்டு என்ற விவசாயி உழாமலே விதைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வந்த சிக்கல் நுட்பமானது. உழாத நிலத்தில் விதையையும் உரத்தையும் ஒரே ஓட்டத்தில் போட வேண்டும். இரண்டும் ஒட்டி விழுந்தால் உரச்சூட்டில் முளை கருகும். அவர் 1980களில் ஒரு விதைப்புக் கருவி செய்தார். முன்னால் ஒரு குறுகிய முனை உரத்தை ஆழத்தில் வைக்கும், பின்னால் வரும் முனை விதையைச் சற்று மேலே, பக்கவாட்டில், ஈர மண்ணில் வைக்கும், ஒரு சிறு சக்கரம் அழுத்திவிடும். தாள் கலையாது. கன்சர்வா பாக் என்று பெயர் வைத்தார். 2007இல் ஜான் டியர் கம்பெனி அந்தத் தொழில்நுட்பத்தை வாங்கியது. மெக்கே உழு, உழு என்று சொன்ன ஊரிலிருந்து உழாதே என்று சொல்லும் கருவி வந்தது. இருவருமே தங்கள் காலத்து மண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

உழாமல் இருப்பது ஒரு பாதி. தரிசு விடும் வருஷத்தில் எதை விதைப்பது? இதற்கு விடை தந்தவர் ஆல் ஸ்லிங்கார்டு. 1972இல் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து பயறு வகைகளில் வேலை செய்தார். அங்கே அப்போது பருப்பு சாப்பிடுகிறவர்களும் குறைவு, விளைவிப்பவர்களும் குறைவு. 1978இல் அவர் லேர்டு என்ற மசூர் ரகத்தை வெளியிட்டார். மசூர் தண்ணீர் அதிகம் கேட்காது. காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேரில் தானே பிடித்துக்கொள்ளும். தரிசு எந்த இரண்டைக் கொடுத்ததோ அந்த இரண்டின் தேவையையும் அது குறைத்தது, பணமும் கொடுத்தது. இன்று உலக மசூர் ஏற்றுமதியில் கனடா முன்னணியில் இருக்கிறது. சென்னைக் கடையில் வாங்கும் மைசூர் பருப்பிலும், யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பால் விட்டு இறக்கும் பருப்புக் கறியிலும் சஸ்காட்சுவான் மண் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கனடாவில் கோடைத் தரிசு இப்போது பத்து லட்சம் ஹெக்டேருக்கும் கீழே வந்துவிட்டது. 2021இல் 1930களை நினைவூட்டும் வறட்சி வந்தது. நாட்டின் கோதுமை விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அங்கங்கே புழுதி எழுந்தது, ஆனால் வேலிகள் புதையவில்லை.

உழாமல் களையை அடக்க இவர்கள் நம்பியது கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லியை. விலை இறங்கியதும் அது எல்லோர் கைக்கும் வந்தது. 2011இல், உழாமல் களைக்கொல்லி மட்டும் தெளித்துத் தரிசு போட்டிருந்த தெற்கு ஆல்பர்ட்டா வயல்களில், அந்த மருந்துக்குச் சாகாத கோக்கியா என்ற களையைக் கண்டுபிடித்தார்கள். கோக்கியாவும் ரஷ்ய முள்செடி மாதிரிதான். காய்ந்ததும் அடியில் ஒடியும், பந்தாக உருளும், உருளும் வழியெல்லாம் விதையைத் தெளித்துக்கொண்டே போகும். சில விவசாயிகள் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த அகலக் கத்தியை மறுபடி வெளியே எடுத்துச் சாணை பிடிக்கிறார்கள். இன்னும் சிலர் அதைத் தொடாமலே வேறு வழி தேடுகிறார்கள். இலையுதிர் காலத்தில் சினூக் எழும்பும்போது அந்தப் பந்துகள் அதே வேலிகளில் வந்து சிக்குகின்றன.